இடப்பக்கம் அமுங்கின நாற்காலி

நம்ப மாட்டீர்கள். வேண்டாம். நானும் எவன் சொல்வதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. டாக்டர் சொன்னால்கூட இன்னொருத்தரிடம் கேட்டுக்கொள்வேன். ஆனால் இது என் வீட்டில், என் கண்ணெதிரே நடந்தது. போன ஜனவரியில். டென்மார்க்கில், எங்கள் ஸ்வென்போர்க் ஊரில்.

என் மனைவி ஆஸ்டா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு நிபந்தனை. தாழ்வான சோபாவில் உட்காரக் கூடாது. கை வைத்த, உயரமான நாற்காலி வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதியோர் இல்லம்தான். அங்கே போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பிர்தே என்ற பெண், இறந்துபோன தன் அம்மாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அங்கே அகப்பட்டது அந்த நாற்காலி. ஐம்பதுகளில் ஓக் மரத்தில் செய்தது. வளைந்த கைகள். ஒரு ஆணி கிடையாது. முறுக்கின காகிதக் கயிற்றால் பின்னின இருக்கை மட்டும் நைந்து தொங்கியது. நான் நாற்காலித் தொழிற்சாலையில் இருக்கை பின்னியே கிழவனானவன். பழைய கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டேன். புதுக் கயிறு இழுத்துப் பின்னினேன். தட்டினால் மேளம் மாதிரி இருந்தது. ஜன்னலோரம், தொங்குவிளக்குப் பக்கத்தில் போட்டேன்.

மறுநாள் பார்த்தால் இடப்பக்கம் அமுங்கியிருந்தது.

புதுப் பின்னல் அமுங்க வருஷக்கணக்காகும். எனக்கு உடனே பிரேபன் மேல்தான் சந்தேகம். ஆஸ்டாவின் தம்பி. மாடியில் குடியிருக்கிறான். பீப்பாய் உடம்பு. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் உண்டு. நாற்காலியைப் பார்த்த அன்றே தனக்குத் தரச் சொல்லிக் கேட்டவன்.

“உக்காந்தியா?”

“எதுல?”

“நடிக்காதடா.”

“மச்சான், நான் உக்காந்திருந்தா நாற்காலியா மிஞ்சும்? விறகுதான் மிஞ்சும்.”

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நாலு மணி. வெளியே இருட்டிவிட்டது. சமையலறையில் கறுப்பு ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து...

கறுக்... கறுக்...

ஆள் உட்கார்ந்தால் புதுக் காகிதக் கயிறு அப்படித்தான் முனகும்.

போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. கதவு பூட்டியபடி இருந்தது. இருக்கையில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

பயல் இன்னொரு சாவி செய்து வைத்திருக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஓக் மரத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைப்பது எங்கள் வழக்கம். அதற்கு வாங்கின சோப்புச் சீவல் ஒரு பொட்டலம் இருந்தது. மறுநாள் அதை வாசல் கதவிலிருந்து நாற்காலி வரைக்கும் தூவினேன். தரையில் பனி விழுந்த மாதிரி. எந்தத் தடியன் வந்தாலும் தடம் விழும்.

விளக்கைப் போட்டேன். சமையலறையில் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

கறுக்...

சமையலறை வாசலில் வந்து நின்றேன்.

காலி நாற்காலி. இடப்பக்கம் மட்டும் மெல்ல... மெல்ல... கீழே இறங்கியது.

தரையில் தடம்.

வெறுங்கால். சின்னது. வலது கால் மட்டும்.

இடது கால் பதிய வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் அச்சு. ஊன்றுகோல் நுனி.

கதவிலிருந்து நாற்காலி வரைக்கும் அப்படியே வந்திருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

பின்கதவு வழியாகப் பிரேபனைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“மச்சான்... எனக்கு ரெண்டு காலும் இருக்கு.”

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டான். அதன்பிறகு அவன் எங்கள் வீட்டுப் படியே மிதிக்கவில்லை.

பிர்தேவுக்குப் போன் போட்டேன்.

“உங்கம்மாவுக்கு ஒத்தக் காலா?”



“கடைசியில இடது காலை எடுத்துட்டாங்க. உங்களுக்கு யாரு சொன்னா?”

“அதனாலதான் இந்த நாற்காலில ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காருவாங்களா?”

“இல்லீங்களே. காலை எடுத்தப்புறம் அம்மா வீட்டுக்கே வரல. ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்க. என்னைக் கூட்டிட்டுப் போ, என் நாற்காலியில ஒரு தடவை உக்காரணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க...”

நாற்காலியைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறிந்தால் ஆஸ்டா எங்கே உட்காருவாள்? தரையைக் கூட்டினேன். ஆஸ்டாவிடம் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்டா வந்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். கயிறு முனகவில்லை.

“இடப்பக்கம் கொஞ்சம் அமுங்கியிருக்கே. பின்னல் மறந்துபோச்சா உங்களுக்கு? ஆனா இடுப்புக்கு இதமா இருக்கு.”

எனக்கு உயிர் வந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். ஊர்க்கதை பேசினாள்.

நாலு அடித்தது.

ஆஸ்டா பேச்சை நிறுத்தினாள். நாற்காலிக் கைகளைப் பிடித்து எழுந்தாள்.

“இப்ப எதுக்கு எந்திரிக்கிற?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் வழி விடுங்க. பாவம், ஒத்தக் காலோட எவ்வளவு நேரந்தான் நிப்பாங்க...”