மூன்று வரிக்குள்

தில்லை நகரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைச் சுருக்கித் தருவதுதான் இன்றைக்கு என் பிழைப்பு. அந்த வேலையை நான் கற்றது ஆறாம் வகுப்பில், கோயிலில் இருந்த ஒரு மரப்பெட்டியிடம்.

எங்கள் பங்குக் கோயிலில் செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாள். வேண்டுதலைச் சீட்டில் எழுதி அந்தப் பெட்டியில் போட்டால், பூசைக்கு முன் மைக்கில் வாசிப்பார்கள். கோயில் முழுக்க அதற்காக மன்றாடும். பெயர் போட வேண்டியதில்லை. ‘மூன்று வரிக்குள் எழுதவும்’ என்று பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும். வாசிப்பவர் என் பெரியம்மா. அதற்காகவே ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார்.

அந்த வருடம் அப்பா அம்மாவிடம் கோபித்துக்கொண்டு துறையூருக்கு, சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டார். மீன் குழம்பில் உப்புக் கூடியதில் தொடங்கிய சண்டை, சித்தப்பா கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதில் போய் நின்றது. ஒரு மாதமாகியும் அப்பா திரும்பவில்லை. இனி வரவே மாட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நோட்டில் தாள் கிழித்து இரண்டு பக்கம் எழுதினேன். குழம்பு, கல்யாணம், அம்மா சொன்ன வார்த்தை, அப்பா வீசிய தட்டு, ஒன்றையும் விடவில்லை. அந்தோணியார் தீர விசாரிக்க வேண்டாமா? செவ்வாய்க்கிழமை அதை வாசிக்கவில்லை. யாருடைய விசாவுக்கோ, யாருடைய மூட்டு வலிக்கோ மன்றாடிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறு வாரம் கல்யாணத்தை எடுத்துவிட்டு அரைப் பக்கம் எழுதினேன். அதுவும் வரவில்லை. அன்றைக்கென்று யாரோ எழுதிய நீளமான நன்றிக் கடிதத்தைப் பெரியம்மா நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஆத்திரம் தாங்காமல் பூசை முடிந்ததும் போய்க் கேட்டேன்.

“ஏன் பெரியம்மா, எல்லாரு சீட்டையும் படிக்க மாட்டீங்களா?”

“வீட்டுச் சண்டையெல்லாம் மைக்ல படிக்க முடியுமாடி? என்ன வேணுமோ அதை மட்டும் எழுதச் சொல்லு.”

யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் யார்மேல் தப்பு என்பதை எடுத்தேன். தாளில் பாதி காலியானது. தட்டை எடுத்தேன். அப்பா நல்லவர் என்று எழுதியிருந்ததை எடுக்க மனசே வரவில்லை, அதையும் எடுத்தேன். ‘அப்பா வீட்டுக்கு வர வேண்டும். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.’ மிஞ்சியது அவ்வளவுதான்.

பெரியம்மா அதை வாசித்தார். இரண்டாவது வரிக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். என் கையெழுத்து புரியவில்லை போலும் என்று கவலைப்பட்டேன். கோயில் முழுக்க மன்றாடியது. பக்கத்தில் அம்மா மட்டும் வாய் திறக்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்காக எல்லோரும் மன்றாடும்போது இவள் சும்மா இருக்கிறாளே என்று எனக்குக் கோபம்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் அம்மா துறையூர் பஸ் ஏறினாள். சாயங்காலம் எங்கள் எடமலைப்பட்டி புதூர் ஸ்டாப்பில் அப்பாவோடு இறங்கினாள்.

சுருக்கமாக எழுதியதால்தான் அந்தோணியாருக்குச் சட்டென்று புரிந்தது என்று நம்பினேன். அவருக்கு ஒரே வரியில் நன்றி எழுதினேன். பேனா எடுத்துக் கொடுத்தது அம்மாதான். அவளுக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.