மீசையைப் பிடித்த மவுத் ஆர்கன்

கோட்டாறு கடையில் மவுத் ஆர்கன் வாங்க மனைவியோடு போனேன். நாற்பது வருஷமாக நான் வளர்க்கும் மீசை அவளுக்கு ஆகாது. அது பெரிய கதை.

கடைக்காரர் மூன்றைத் துடைத்துத் தந்தார். முதலாவது உதட்டுக்குச் சுகம், சத்தம் கம்மி. இரண்டாவதை ஊதினால் மூச்சு வாங்கியது. மூன்றாவது தேன்! லயித்து ஊதும்போது மேல்தகட்டு இடுக்கில் மீசை மாட்டிக்கொண்டது.

“பாட்டா, இழுக்காதீங்க, தகடு வளைஞ்சிரும்!” என்று பதறினார் கடைக்காரர்.

“எனக்க மீசை, மக்கா!” என்றேன். அதுவும் ராகமாகத்தான் வந்தது.

“கத்திரி இருக்கா தம்பி?” என்றாள் மனைவி, ஆசையாக.

நல்லவேளை, அவர் ஸ்குரூவைக் கழற்றி மீசையை மீட்டார். அதையே வாங்கினேன்.

இப்போது தேங்காயெண்ணெய் தடவி, மீசையை மேலே முறுக்கிவிட்டே ஊதுகிறேன். வீட்டுக் கத்திரி இருக்குமிடத்தை மட்டும் அவளுக்குச் சொல்வதில்லை.