கதவருகே அலறிய பெட்டி

போன தை மாதம், கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் நடந்தது இது. அங்கே இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம்.

ஓர் அறையில் தனியாக ஒரு பெண் வந்து தங்கினார். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாராம். ஊர் சுற்றிப் பார்க்கவே போகவில்லை. பெருக்கப் போனபோது, மேசையில் ஒயர்களோடு ஒரு பெட்டி. தொட்டால் சுட்டது. மறுநாள் அது வராந்தாவில், பக்கத்து அறைக் கதவருகே சிவப்பு விளக்கு மின்ன உட்கார்ந்திருந்தது. அந்த அறையில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. கேமராதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

நேரிலேயே கேட்டேன். அவர் பதறாமல், மாத்திரை போன்ற கறுப்பு வில்லை ஒன்றைக் காட்டினார். உலோக ஆக்சைடுகளைக் கலந்து உலையில் சுட்டதாம். கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் சேர்த்ததால் மின்சாரம் நன்றாகப் பாயுமாம். துளி இரும்பு இல்லையாம், ஆனாலும் காந்தம் இழுக்குமாம். இழுத்தும் காட்டினார். பெட்டிக்குள்ளும் இதே வில்லைதான், கரிப்புகையின் விஷவாயு பட்டால் அதில் மின்சாரம் குறைந்து பெட்டி கத்தும், மலைக்குளிரில் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றார்.

இரும்பில்லாததைக் காந்தம் இழுக்குமா? வித்தை காட்டுகிறார் என்று சந்தேகம் இன்னும் கூடியது. என் கணவர், "படிச்ச புள்ளயாத் தெரியுது, விடு" என்றார். நான் விடவில்லை.

"நாளைக்கு வெள்ளனே ரூமைக் காலி பண்ணிருங்க."

"சரிக்கா" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. திடீரென்று, இன்னும் அந்தக் கதவருகே இருந்த பெட்டி அலறியது. அதையும் நடிப்பு என்றே நினைத்தேன். அவர் ஓடிவந்து பக்கத்து அறைக் கதவைத் தட்டினார். பதில் இல்லை.

"சாவி எடுங்கக்கா, வெரசா."

அப்போதும் நான் தயங்கினேன். கணவர்தான் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து திறந்தார். மொட்டைமாடியில் கறி சுடுவதற்கு நாங்கள் வைத்திருந்த கரி அடுப்பை, குளிருக்காக உள்ளே கொண்டுவந்து ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். தகப்பன் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். தாய் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தாள். குழந்தை துவண்டிருந்தது.

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். நாங்கள் தாயை இழுத்து வந்தோம். காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்சிஜன் வைத்து இருவரையும் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

காலையில் அவர் பையோடு இறங்கினார். இருந்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நீங்க கேட்டதுல தப்பில்லக்கா. யாரா இருந்தாலும் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

குளிர் கூடி ஜன்னல்களைச் சாத்தும்போதெல்லாம், அந்தப் பெண் மீது வைத்த கண்ணைக் கொஞ்சம் அந்த அடுப்பின் மீது வைத்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.