பித்தளை வில்லை

காகித ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த கவுகோவுக்குக் கை சும்மா இருந்தால் சோறு செரிக்காது. ஐம்பது தாண்டியும் அம்மா ஹில்மாவுக்கு அவன் பையன்தான், அதனால் நமக்கும் அவன் 'அவன்'தான். அந்த வசந்தத்தில், பின்லாந்து ராணுவம் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கி ஒன்றைத் தாம்பரே நகரத்துக் கடையில் வாங்கி வந்து, சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையின் முன்னறையில் பிரித்துப் போட்டிருந்தான்.

துப்பாக்கியின் மரக்கட்டை முழுக்க அழுக்கும் கிரீஸும் ஏறி கன்னங்கரேலென்று கிடந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஆளிவிதை எண்ணெயில் பைன் தாரைக் கலந்து, உள்ளங்கையால் மூன்று நாள் தேய்த்து ஏற்றினான். திருகைக் கழற்றி இரும்பைத் தூக்கிப் பார்த்ததும் அதன் பூர்வீகம் வெளியே வந்தது. இரும்பின் பின்முனை வாலுக்கு அடியில் 1897, ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆயுத ஆலை முத்திரை. குழலோ முப்பது வருடம் இளையது, இங்கே பின்லாந்தில் மாற்றியது. கட்டையின் வலப்பக்கம் காசளவுக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் இரண்டு எண்கள்.

ஆலை நண்பன் ஓலாவி துப்பாக்கிப் பைத்தியம். கவுகோ எழுதிக்கொண்டு போன எண்களை, எந்தப் படைக்கு எந்த எண் என்று தான் வைத்திருந்த பட்டியலில் தேடினான்.

"வேற எந்த ஊரா இருந்தாலும் உடனே சொல்லியிருப்பேன்டா. இது நம்ம புக்காலா ஊர்க்காவல் படையோடது."

கவுகோ பட்டியலை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தான். 1918-ஆம் வருட உள்நாட்டுச் சண்டையில் தொழிலாளர்களின் செம்படைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார் என்று அவன் தாத்தாவை, ஹில்மாவின் அப்பாவை, மணற்குழிக்கு நடத்திப்போய்ச் சுட்டது புக்காலா வெள்ளைப்படை. பிறகு அதே ஆட்கள்தான் ஊர்க்காவல் படை ஆனார்கள். ஹில்மாவுக்கு அப்போது பத்து வயது. இப்போது எழுபத்தாறு, இன்னும் அந்தப் பக்கத்தார் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை.

"பயந்து சாகாதே," என்றான் ஓலாவி. "வில்லை இருபதுகள்ல அடிச்சது. பதினெட்டுல இது யார் கையில இருந்துச்சோ, கடவுளுக்கே வெளிச்சம். செம்படைக்காரன்கிட்டயே இருந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்த கவுகோ உளியை எடுத்தான். வில்லையைப் பெயர்த்தால் துப்பாக்கியின் பாதி வரலாறு போய்விடும், ஓலாவி முகத்தில் விழிக்க முடியாது. போனால் போகட்டும், அம்மா மனசு நோகக்கூடாது. அவள் கண்ணில் படுவதற்குள் முடித்துவிட நினைத்தான்.

கதவு திறந்தது.

"காபி ஆறிப் பச்சத்தண்ணியாப் போச்சு. என்னடா, கல்யாணப் பொண்ணுக்கு மாதிரி அலங்காரம் நடக்குது?"

அம்மாவிடம் பொய் சொல்ல அவனுக்கு என்றுமே வந்ததில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஹில்மா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தாத்தாவோட ஆளுங்ககிட்டயேகூட இருந்திருக்கலாம்மா."

"இருந்திருக்கலாம்," என்றாள். "இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்காக ஒரு ஆறுதலைத் தேடிக்கிட்டு வந்திருக்கே. தெரியுதுடா."

"இந்த வில்லையைப் பேத்துடறேன். மரத்துண்டு வெச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டா, இருந்த இடமே தெரியாது."

ஹில்மா அவன் கையிலிருந்த உளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தக் குழியையும் அப்படித்தான் மூடுனாங்க. மேல பைன் கன்னு நட்டாங்க. நானும் எங்கம்மாவும் தேடிப் போனப்போ, இருந்த இடமே தெரியலை."

கட்டைவிரலால் வில்லையை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள்.

"இது இருக்கட்டும். அப்படி ஒரு படையே நம்ம ஊர்ல இல்லைன்னு நாளைக்கு எவனாவது சொன்னா, காட்டுறதுக்கு உங்கிட்ட ஒண்ணாவது வேணும்."