இடிந்த கோயிலுக்குள் ஓர் அடுப்பு

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, கனடாவில், பிறம்ரன் நகரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்துக்குத் தொலைபேசியில் வந்தது. சொன்னவர் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் சேவியர் அண்ணை. “தம்பி, அக்கா விடியப் போயிட்டா. நித்திரையிலதான்” என்றவர், அடுத்த மூச்சிலேயே மண்டபம் எது, சாப்பாடு ஆர் என்று தொடங்கிவிட்டார். சாவுக்கு நாங்கள் பழகிப்போன விதம் அப்படி. எனக்கு அழவும் அலுப்பாக இருந்தது. மிச்சப் பெட்டிகளை இறக்கி முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

அவரை அறிந்த சங்கத்தவர் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஊர்க் கோயிலில் குண்டு விழுந்தபோது உள்ளே அடைக்கலம் தேடியிருந்து செத்தவர்களில் அவருடைய ஒரே மகன் யூட்டும் ஒருவன். அதன் பிறகு கனடா வந்தவர், ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்தார். சங்கக் கூட்டங்களுக்கு என் காரில்தான் வருவார். ஏறியதும் கேட்பது ஒன்றுதான்: “சாப்பிட்டனியோ தம்பி?” இல்லை என்றால் கைப்பைக்குள்ளிருந்து ஒரு பணிஸ் வெளியே வரும். அதை முடிக்கும்வரை காரை எடுக்க விடமாட்டார். பெரிய தொல்லை.

ஊரில் புதுக் கோயில் கட்ட நாங்கள் முதலில் வரைந்த படம் நினைவிருக்கிறதா? வாசலுக்கு இரட்டைக் கதவு, திறக்க முடியாத கண்ணாடி யன்னல்கள், பக்கத்தில் கோட் கொழுவ ஓர் அறை. இங்கே கண்ட குளிர்காலங்கள் அப்படி, ஊர் வெயில் எவருக்கும் உறைக்கவில்லை. அக்காதான் கேட்டார்: “உந்த அறையில ஆர் கோட்டைக் கொழுவுறது? வானத்துச் சம்மனசுகளோ?”

பெரிய வாக்குவாதம் பழைய சுவர்களைப் பற்றியது. இடிபாட்டை நினைவுச்சின்னமாக விட்டு, பக்கத்தில் புதுக் கோயிலைக் கட்டுவது சங்கத்தின் விருப்பம். அது அக்காவுக்கு ஆறுதல் என்றே பலர் நம்பினார்கள். அவரோ எழுந்து, “இடிச்சுக் கொட்டிப்போட்டு அதிலேயே கட்டுங்கோ” என்றார். “நீங்கள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்திடுவியள். அங்க இருக்கிற சனமெல்லோ பூசைக்குப் போகேக்க உந்த இடிபாட்டைப் பார்க்கவேணும். என்ர பிள்ளையைக் காட்சிக்கு வைக்காதேங்கோ.”

அவருக்காகக் கண் கலங்கினார்கள். பிறகு அவருக்கு எதிராகக் கை உயர்த்தினார்கள். அன்று என் காரிலிருந்து இறங்கும்போது அக்கா, “களைச்சுப்போனன் தம்பி” என்றார்.

புதுக் கோயில் எழும்பிய பின் வந்த தவக்காலத்தில் ஊரிலிருந்து ஒரு படம் வந்தது. பழைய சுவர்களுக்குள் கல் வைத்து, பெரிய கிடாரத்தில் தவக்காலக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கடற்காற்றில் வெளியே அடுப்பு நின்று எரியாது. கூரை போனாலும் சுவர் காற்றை மறித்தது.

சங்கக் கூட்டத்தில் சேவியர் அண்ணை கொதித்துப்போனார். “நினைவுச்சின்னத்தை அடுப்படி ஆக்கிப்போட்டாங்கள்! சுவரெல்லாம் கரி. பாதருக்குச் சொல்லி உடனே நிப்பாட்டவேணும்.”

அக்கா படத்தை வாங்கி, கரி பிடித்த சுவரை விரலால் தடவினார். “குண்டு விழுந்த அண்டைக்குக் காலமை என்ர பிள்ளை சாப்பிடாமல்தான் ஓடினவன்” என்றார். “அடுப்பு எரியட்டும். ஒருத்தரும் நிப்பாட்டக் கூடாது.”

இந்தமுறை ஒரு கையும் உயரவில்லை. காரில் நான் தின்ற பணிஸ்களெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தன.

அடக்கப் பூசை, இன்னொருவருடைய கோயிலில் எங்களுக்குத் தந்த நேரத்துக்குள் முடிந்தது. அடுத்த பூசைக்கு வந்தவர்கள் வாசலில் கோட்டுகளோடு காத்து நின்றார்கள். முப்பத்தோராம் நாள், பழைய சுவர்களுக்குள் அக்காவின் பேரில் கஞ்சி காய்ச்சப்போவதாக ஊரிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

அவர் போன மறுநாள் காலை, வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த என் மகளை வாசலில் மறித்தேன். “சாப்பிட்டனியோ?”

“லேற்றாப் போச்சு அப்பா, விடுங்கோ.”

நான் விடவில்லை.