வூடும் வீடும்

பெரும்பாக்கத்துக்கு எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, எட்டாவது மாடி வாசலில் நின்று அம்மா சொன்னாள்: "வூடு பூடுச்சி. வீடு குடுத்துக்கிறாங்கோ."

'வீடு' என்பதை மட்டும் ஆபீசர் மாதிரி இழுத்துச் சொன்னாள். சாவி கொடுக்க வந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றோரத்தில் சர்க்கார் இடித்துத் தள்ளியது வூடு. இங்கே நம்பர் போட்டுக் கொடுத்தது வீடு. இதற்கு மேல் எந்தக் கவிஞன் என்னத்தை எழுதிக் கிழித்துவிடப் போகிறான்?

அந்த வரியை வைத்துத்தான் என் முதல் கவிதையை எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படுத்த படுக்கையான பிறகும் தினமும் கேட்பாள். "இன்னாடி, என் பேச்சு புக்குல வந்துச்சா? அதுக்குள்ள நான் பூட்டேன்னா இன்னா பண்ணுவ?"

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு இலக்கிய வட்டம், ஊர் விட்டு ஊர் போனவர்களின் கவிதைகள் என்று தொகுப்பு போட்டது. கனடா போனவர், சிங்கப்பூர் போனவர், பெரும்பாக்கம் போன நான். வெளியீட்டு விழாவில் என் பக்கத்தைப் புரட்டினேன். 'வீடு போயிற்று. வீடு கொடுத்திருக்கிறார்கள்' என்று இருந்தது.

தொகுத்தவர் ரிட்டயரான தமிழாசிரியர். தங்கமான மனுஷர். ஓடிப்போய்க் கேட்டேன்.

"கொஞ்சம் கொச்சையா இருந்துதும்மா. நான்தான் திருத்தினேன். நாலு பேர் படிக்கிற புத்தகம் இல்லையா?"

"ரெண்டும் வேற வேற சார்."

"அர்த்தம் ஒண்ணுதானேம்மா."

அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டும். பொன்னாடை போர்த்தினார்கள், வாயை மூடிக்கொண்டேன். அச்சில் இருந்தபடியே படித்தேன். சர்க்காருக்கு நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். தூ, நானும் ஒரு கவிஞர்!

மத்தியானம் திரும்பி வந்ததும் அம்மா, "படி" என்றாள். புத்தகத்தை விரித்துக்கொண்டு, அதில் இல்லாததை, அவள் சொன்னபடியே சொன்னேன். வாய் நிறையச் சிரித்தாள்.

"அதுல வூடு எங்க கீது? காட்டு."

அவள் விரலைப் பிடித்து 'வீடு' என்ற வார்த்தையின் மேல் வைத்தேன். அம்மா அதையே தடவிக்கொண்டிருந்தாள்.