புது போர்டும் இடம் மாறிய கொம்பும்

திண்டிவனத்தில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில் மனு அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவள். விசையைத் தேடித் தேடிக் குத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். அதை மறைத்துக்கொள்ளவும் தெரியாது.

சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளே விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பெட்டியைக் கழற்றி, மதர்போர்டில் உப்பிப் போயிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களைக் காட்டினார். அவர் ஓட்டுவது லோடு ஆட்டோ. கம்ப்யூட்டர் வைத்தியம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது.

நேரம் பார்த்து அன்று சாயங்காலம் ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். வயல் வேலைக்குப் போகிறவர். அவர் ஊரில் குடிநீர்க் குழாய் கடைசித் தெருவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அவர் வீடு கடைசித் தெருவில். அடுத்த தெருவுக்குக் குடம் தூக்கிக்கொண்டு போய், அங்கிருப்பவர்கள் பிடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். ஒவ்வொரு கிராம சபைக்கும் மனு கொடுப்பார், ஒவ்வொன்றையும் நான்தான் அடித்திருக்கிறேன். சுதந்திர தினத்தன்று மறுபடியும் கிராம சபை.

"கையால எழுதித் தரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. டைப் அடிச்சாதான் ஒரு மதிப்பு."

சரி, கிராம சபையன்று காலை வாங்க என்று சொல்லிவிட்டேன்.

புதுக் கம்ப்யூட்டருக்கு வழியில்லை. பெட்டி, ஹார்டு டிஸ்க், மானிட்டர் எல்லாம் பழையதே இருக்கட்டும், போர்டையும் பிராசஸரையும் மட்டும் செகண்ட் ஹேண்டில் மாற்றலாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார். "ரேம் கீதா?" என்று கடைக்காரர் கேட்டாராம். "எங்களுதே கீதுங்க" என்று இவர் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் ரேம் உட்காரவில்லை. பழைய ரேமில் பள்ளம் ஓர் இடத்தில், புது போர்டில் மேடு வேறோர் இடத்தில். இவர் கட்டைவிரலால் அழுத்தப் பார்த்தார்.

"ஏங்க, அது என்னா ஆட்டோவுல அமுக்கி ஏத்துற மூட்டையா? உடைஞ்சிடப் போவுது!"

"சும்மா இரும்மா. பேஜாரு பண்ணாத."

ரேம் வாங்க மறுபடியும் விழுப்புரம். திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றுபோய், வேறு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

ஆனால் கம்ப்யூட்டர் உயிர் பிடித்தது. பொத்தானை அழுத்தி நான் நாற்காலியில் உட்காருவதற்குள் தயாராக நின்றது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம், நான் அடிக்கும் தமிழ் சாப்ட்வேரைத் தேடும்வரைதான். அதற்குச் சாவி என்று ஒரு சின்னக் கட்டை உண்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கம் பழைய பிரிண்டர் துளையில் செருகினால்தான் வேலை செய்யும். புது போர்டில் அந்தத் துளையே கிடையாது. வீட்டுக்காரர் இலவசமாகக் கிடைத்த வேறொன்றை ஏற்றிக் கொடுத்தார். விசைகள் எல்லாம் டைப்ரைட்டரில் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம். டைப்ரைட்டரில் 'தெ', 'லை' மாதிரி எழுத்துகளின் முன்னால் நிற்கும் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம். இதில் எழுத்தை அடித்த பிறகுதான் கொம்பு.

இத்தனை வருஷப் பழக்கம் ஒரு நாளில் விடுமா? சுதந்திர தினத்தன்று அந்த அக்கா எதிரில் உட்கார்ந்திருக்க, என் விரல்கள் பாட்டுக்குக் கொம்பை முன்னால் அடித்தன. 'தெரு' என்று அடித்தால் கொம்பு தனியாக ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. வட்டம் தெரிந்த இடங்களையெல்லாம் தேடித் திருத்தினேன். நான் இளக்காரம் செய்தவர்களைப் போலவே ஒவ்வொரு விசையாகக் குத்திக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. அவர் ரேகை வைத்து, ஜெராக்ஸைக் கடையில் விட்டுவிட்டு, மனுவோடு ஓடினார்.

அவர் போன பிறகுதான் ஜெராக்ஸைப் பார்த்தேன். கொம்பு சொல்லின் நடுவில் வந்தால் வட்டம் வராது, சத்தமில்லாமல் முந்திய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பெறுநர் என்ற இடத்துக்குக் கீழே 'ஊராட்சி மன்றத் தைலவர் அவர்கள்' என்று இருந்தது. தலைவரைத் தைலக்காரராக்கி அனுப்பியிருக்கிறேன். கேலி செய்கிறார்கள் என்று மனுவைக் கிழித்துப் போட்டால் அந்தப் பெண் என்ன செய்வார்? அவர் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியத்துக்கு மேல் அவரே கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அக்கா, தப்பா அடிச்சுட்டேன்க்கா. மன்னிச்சுக்குங்க."

"இரும்மா, சொல்றேன். தலைவரு எப்பவும் போல மனுவ வாங்கி அடியில வெக்கப் போனாரு. பக்கத்துல குந்திக்கினு இருந்த மெம்பரு எட்டிப் பாத்துட்டு, 'மன்றத் தைலவர்'னு மைக்குல படிச்சிட்டாரு. ஊரே சிரிச்சிது. தலைவருக்கே சிரிப்பு தாங்கல. அப்பால மீதி என்னா எழுதிக்கீது, படி படின்னு ஒரே கூச்சலு. கடைசி வரைக்கும் படிச்சாங்க. கேட்டுக்கினே இருந்தவங்க சிரிப்ப நிறுத்திட்டாங்க."

"குழாய் போடுறாங்களாமா?"

"தீர்மானத்துல எழுதிக்கினாங்க. தண்ணி வந்தாதான் நெசம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார்: "இத்தினி வாட்டி நீ தப்பே இல்லாம அடிச்சுக் குடுத்தியேம்மா. ஒருத்தரும் படிக்கல."